பூனை ஓடும் அந்த நொடி

"பெரியப்பா, இது ரொம்ப சாதுவா இருக்கு. நம்ம ஜிக்கியை ஒண்ணும் செய்யாதுல்ல?"

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டு எங்களை உட்காரவைத்திருந்தார்கள். கேட்டவள் மதுரையில் இருக்கும் என் தம்பி மகள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் காலடியில் செவலை நிறச் சிப்பிப்பாறை நாய் ஒன்று முன்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. இரண்டு வயதுப் பெட்டை. வளர்த்தவர் வேலைக்காக வெளிநாடு போகிறார். போவதற்குள் நாயை நல்ல கையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். தம்பி குடும்பத்துக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. தடை ஒன்றுதான்: வீட்டில் இரண்டு பூனைகள். நான்கு வயது ஜிக்கி, ஆறு மாதக் குட்டி புஜ்ஜி.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் காற்று ஒரு பாலிதீன் பையைக் களத்து மேட்டில் உருட்டிக்கொண்டு போனது. படுத்திருந்த நாய் எப்போது எழுந்தது என்றே தெரியவில்லை. மடிந்து கிடந்த காதுகள் நிமிர்ந்தன. வெயிலுக்கு நாக்கை நீட்டித் திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது. கழுத்து முன்னால் நீண்டு, முதுகும் வாலும் ஒரே கோடாக இறுகின. வளர்த்தவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். காதில் விழுந்த மாதிரியே இல்லை. பை ஒரு முள்செடியில் சிக்கி நின்றதும் நாயும் தளர்ந்தது. திரும்பி வந்து, பழையபடி அவள் காலடியில் படுத்து, அவள் கையை நக்கியது.

நாலைந்து நொடிதான். அவள் கேள்விக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. கையை நக்கிய நாயும், பையைப் பார்த்து இறுகிய நாயும் ஒன்றேதான். அதன் சாதுத்தனம் நடிப்பல்ல. அந்த இறுக்கம் கோபமும் அல்ல. வேட்டை நாயைப் பூனை இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று யோசிக்கும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

கண்ணால் ஓடும் இனம்

வேட்டை நாய்களில் இரண்டு பெரிய வகை உண்டு. மோப்பம் பிடித்துப் போவது ஒன்று. கண்ணால் பார்த்துத் துரத்துவது மற்றொன்று. நம் நகரத்து அடுக்குமாடிகளில் நிறையத் தென்படும் பீகிள், மோப்ப வகை. கூட்டமாக மண்ணை முகர்ந்துகொண்டே முயலின் தடத்தில் போவதற்காக இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வை வகை. கர்நாடகத்து முதோல், உத்தரப்பிரதேசத்து ராம்பூர், மேல்நாட்டு கிரேஹவுண்ட் எல்லாம் இந்த வகைதான். சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊரின் பெயர். கரிசல்காட்டில் மரம் குறைவு, பார்வைக்குத் தடையில்லை. அங்கே முயல் கிளம்பினால், அது தாண்டிப்போன பிறகுதான் மோப்பம் பிடித்துப் போகும் நாய் அந்த இடத்துக்கு வந்து சேரும். தூரத்திலேயே கண்டு, அப்போதே பாயும் நாய்தான் அந்த நிலத்துக்கு ஏற்றது.

அந்த உடம்பைப் பாருங்கள். ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, வில்போல் வளையும் முதுகு. குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு சுழற்சிக்கு ஒரு தடவைதான் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். பார்வை வேட்டை நாய்க்கு இரண்டு தடவை எழும்பும்: கால்கள் எல்லாம் வயிற்றுக்கு அடியில் கூடும்போது ஒரு தடவை, முன்னும் பின்னும் முழுக்க நீளும்போது இன்னொரு தடவை. கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். பூனையின் உச்ச வேகம் ஏறத்தாழ 48 கிலோமீட்டர்தான். அந்த வேகமும் சில நொடிகளுக்கு மேல் தாங்காது. "பூனை ஓடித் தப்பிச்சுக்கும்" என்று பலரும் சொல்வார்கள். தெருநாயிடம் தப்பலாம். சமதரையில் இந்த வகை நாயிடம் தப்புவது கடினம். பூனைக்குத் தப்பும் வழி மேலேதான் இருக்கிறது: சுவர், மரம், பரண்.

உடம்பைப் போலவே கண்ணும் இந்த வேலைக்கென்று அமைந்தது. நாய்க்கு இரண்டு வகை நிற உணர்செல்கள்தான் உண்டு. நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஆனால் அசைவு என்றால் நாயின் கண்ணுக்குத் தனிக் கூர்மை. 1936-இல் 14 போலீஸ் நாய்களை வைத்துச் செய்த சோதனையில், மிகக் கூர்மையான நாய்கள் 800 மீட்டருக்கு அப்பால் அசையும் பொருளைக்கூடக் கண்டுகொண்டன. அதே பொருள் அசையாமல் நின்றபோது, 585 மீட்டருக்குள் வந்தால்தான் அவற்றுக்குத் தெரிந்தது. அசையாதது கண்ணில் பட்டும் படாமல் போகிறது. அசைந்தால் உடனே துலங்குகிறது.

2004-இல் ஆஸ்திரேலியாவில் பால் மெக்ரீவியும் உடன் ஆய்வாளர்களும் நாய்களின் விழித்திரையை ஆராய்ந்து இன்னொன்றைக் கண்டார்கள். மூக்கு நீண்ட நாய்களின் விழித்திரையில் பார்வைச் செல்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோல அடர்ந்திருக்கின்றன. மூக்கு சப்பையான நாய்களில் அவை நடுவில் ஓர் இடத்தில் குவிகின்றன. தலையைத் திருப்பாமலே அடிவானம் முழுவதையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கவனிக்க அந்தப் பட்டை உதவுகிறது. சிப்பிப்பாறையின் முகத்தை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு நீளம்! கூடத்தின் ஒரு மூலையில் அது கண்ணை அரைவாசி மூடிப் படுத்திருக்கும்போதும், மறுமூலையில் பூனை குதித்து ஓடினால் அது பார்வையிலிருந்து தப்பாது.

கோபமில்லாத துரத்தல்

நாய்க்கும் பூனைக்கும் ஜென்மப் பகை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால்தான், நாய் பூனையைப் பார்த்து உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை என்றதும் நிம்மதியாகிவிடுகிறோம். இந்த நிம்மதிதான் ஆபத்து.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிளின் குழுவினர் பூனைகளின் மூளையில் ஹைபோதாலமஸ் என்ற பகுதியை மெல்லிய மின்முனைகளால் தூண்டிப் பார்த்தார்கள். ஓர் இடத்தைத் தூண்டினால் பூனை சீறியது, முடி சிலிர்த்தது, நகத்தை நீட்டி அறைந்தது. சற்றே விலகிய இன்னோர் இடத்தைத் தூண்டினால் சீற்றம் எதுவும் இல்லை. சத்தமில்லாமல் எலியை நோக்கி நடந்துபோய்க் கழுத்தைக் கவ்வியது. தாக்குதல் இரண்டும் வெவ்வேறு பாதைகளில் நடக்கின்றன என்று அதிலிருந்து தெரிந்தது. முதலாவது அச்சத்திலும் சினத்திலும் பிறப்பது, இரண்டாவது வேட்டை. வேட்டையில் சினம் கிடையாது. முருங்கைக்காயை நறுக்கும்போது நமக்கு அதன்மேல் கோபமா வருகிறது?

இந்த வேட்டை நடத்தையை நாய்களில் நெடுங்காலம் ஆராய்ந்தவர் ரேமண்ட் காப்பிங்கர். அவரும் மனைவி லோர்னாவும் 2001-இல் எழுதிய நூலில் இதை ஒரு சங்கிலியாக விவரிக்கிறார்கள்: கண்டுகொள்ளுதல், உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கடித்துக் கொல்லுதல், கிழித்தல், தின்னுதல். ஓநாயிடம் சங்கிலி முழுசாக இருக்கிறது. மனிதன் தன் தேவைக்கேற்ப, ஒவ்வொரு நாய் வகையிலும் சில கண்ணிகளைப் பெருக்கினான், சிலவற்றை மங்கச் செய்தான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகை; கவ்வுவது அடங்கிவிட்டது. கிடைக்குக் காவல் இருக்கும் நாய்களிடம் சங்கிலியே ஏறக்குறைய உறங்கிவிட்டது. பார்வை வேட்டை நாயிடம் துரத்துவதும் கவ்வுவதும் தீட்டிய கத்தியாக இருக்கின்றன.

இன்னொரு முக்கியமான செய்தி: துரத்துவதே நாய்க்குப் பரிசு. முயல் அகப்பட்டால்தான் மகிழ்ச்சி என்றில்லை, ஓடுவதே அதற்குப் பேரின்பம். நாம் தரும் பிஸ்கெட்டோ கோழித்துண்டோ அதற்கு ஈடாகாது. ஒரு தடவை துரத்திச் சுவை கண்டால் அடுத்த தடவை இன்னும் விரைவாகப் பாயும். "ஒரு தடவை துரத்தட்டும், பூனை ஒரு அறை கொடுத்தா புத்தி வந்துடும்" என்று விட்டுப் பார்ப்பவர்கள் அறியாமலே அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

இதனால்தான் "சாதுவா?" என்று கேட்பது போதாது. "பூனை ஓடும்போது இந்த நாய்க்குள் என்ன நடக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

இனமா, தனி நாயா?

அப்படியானால் சிப்பிப்பாறை, கன்னி என்றாலே பூனை வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடலாமா? அறிவியல் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்வதில்லை.

2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று 18,385 நாய்களின் நடத்தையை வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்தது. 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் படித்தது. நாய்களிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் இனத்தை வைத்து விளக்க முடிந்தது சராசரியாக 9 சதவீதம்தான். மீதிக்குத் தனி நாயின் மரபு, வளர்ப்பு, அனுபவம் எல்லாம் காரணம். ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு குட்டிகள் இரண்டு விதமாக இருப்பதை நாய் வளர்த்தவர்கள் அறிவார்கள்.

அதே நேரம், இனம் வெறும் தோல்நிறமும் அல்ல. 2019-இல் எரின் ஹெக்ட் குழுவினர் 33 இனங்களைச் சேர்ந்த 62 நாய்களின் மூளையை எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்தார்கள். இனங்களுக்கிடையே மூளையின் அமைப்பே மாறுபட்டது. அந்த மாறுபாடு மோப்பம் பிடிப்பது, பார்த்து வேட்டையாடுவது, காவல் காப்பது என்று அந்தந்த இனம் செய்துவந்த வேலைகளோடு பொருந்தியது. தலைமுறை தலைமுறையாக, முயலைக் கண்டு பாய்ந்த நாய்க்கே குட்டி எடுத்தார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்ட நாய்க்கு வாரிசு இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைக் குற்றமாக்கியது சரியான செயல். ஆனால் சட்டம் வேட்டையை நிறுத்தியதே தவிர, ரத்தத்தில் ஊறியதை ஐம்பது ஆண்டுகளில் அழித்துவிட முடியாது.

இரண்டையும் சேர்த்து இப்படிப் புரிந்துகொள்ளலாம். நாய் பாசமாக இருக்குமா, கூச்சப்படுமா என்பதையெல்லாம் இனத்தின் பெயரை வைத்துச் சொல்வது வீண். துரத்தும் உந்துதல் வலுவாக இருக்க வாய்ப்பு உண்டா என்றால், இந்த இனங்களில் உண்டு என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே அறிவு. பாசத்தில் தவறாகக் கணித்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். இதில் தவறினால் திருத்த இடமில்லை. பூனைக்கு ஒரு தடவை போதும்.

பீகிள் போன்ற மோப்ப வகைகள் பொதுவாகப் பூனைகளோடு எளிதில் ஒத்துப்போகின்றன. கூட்டத்தோடு வாழப் பழகியவை. மூக்கு இழுக்கும் பக்கம் போகிறவை. அவற்றிலும் விதிவிலக்குகள் உண்டு. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் பெயர் பெற்றவை. அவற்றுக்கும் இதே சோதனைகள் வேண்டும்.

குட்டிப் பருவம் என்னும் வாசல்

1965-இல் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவில் நாய்க் குட்டிகளைப் பல ஆண்டுகள் கவனித்த தங்கள் ஆய்வை நூலாக வெளியிட்டார்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை குட்டியின் மனத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. அந்த நாட்களில் கூட இருக்கும் உயிர்கள் எல்லாம் 'நம்மவர்' ஆகிவிடுகிறார்கள். பிறகு அந்த வாசல் மெல்ல ஒடுங்குகிறது. பூனைக்குட்டிக்கு இந்தக் காலம் இன்னும் குறுகியது: ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை.

இதற்கும் முன்னால், 1930-இல், சீன உளவியலாளர் ஜிங்-யாங் குவோ செய்த சோதனை இன்றும் வியப்பூட்டுகிறது. தாய்ப்பூனை எலி பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. எலிகளோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே கொன்றன. அந்த மூன்றும்கூடத் தாம் சேர்ந்து வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை. வேறு வகையைத்தான் கொன்றன.

கடைசி வரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அதே ஊரில், எங்களுக்கு மோர் கொடுத்த வீட்டில், கறுப்பும் பழுப்புமான கன்னி நாய் ஒன்று இருந்தது. அடுப்படி வாசலில் அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு சாம்பல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. நாயின் மூச்சுக்கு ஏற்பப் பூனையின் தலை ஏறி இறங்கியது. குட்டியிலிருந்தே இரண்டும் ஒன்றாக வளர்ந்தவை. "அடுத்த வீட்டுப் பூனை வந்தா என்ன செய்யும் அத்தை?" என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "அது எப்படிப்பா சும்மா இருக்கும்? போன மழைக்காலத்துல ஒண்ணைக் கொன்னே போட்டுருச்சு" என்றார். குவோவின் சோதனையை அந்தத் திண்ணை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது. நாய் அறிந்து வைத்திருப்பது 'என் வீட்டுப் பூனை' என்ற உறவை. 'பூனைகள்' என்ற பொதுவிதியை அல்ல.

இஸ்ரேலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஃபாயர்ஸ்டைன், டெர்கெல் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கூரையின் கீழ் வாழும் நாய் பூனைகளைப் பற்றியது. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் பழகத் தொடங்கினால் உறவு நன்றாக அமைகிறது என்றும், பூனை முதலில் வந்த வீடுகளில் கூடுதலாகச் சுமுகம் இருக்கிறது என்றும் கண்டார்கள். வாலை ஆட்டுவது நாய் மொழியில் ஒரு பொருள், பூனை மொழியில் வேறு பொருள். இளமையிலேயே சேர்ந்தவை அடுத்தவர் மொழியைப் படித்துக்கொள்கின்றன.

குட்டி வாங்குகிறவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. எட்டு வாரம்வரை குட்டி தாயோடு இருக்க வேண்டும். ஆகவே அந்த வாசல் திறந்திருக்கும் காலத்தில் பாதிக்கு மேல் வளர்ப்பவர் வீட்டிலேயே கழிந்துவிடும். அந்த வீட்டு முற்றத்தில் பூனை நடமாட்டம் உண்டா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்காகக் குட்டி என்றால் கவலையே இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். வேட்டைச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக வயதோடுதான் விழிக்கின்றன. மூன்று மாதத்தில் பூனையோடு உருண்ட குட்டி, எட்டுப் பத்து மாதத்தில் திடீரென்று பூனை ஓடும்போது நின்று பார்க்கத் தொடங்கலாம். அப்போதும் கண்காணிப்பு வேண்டும்.

பார்த்துத் தெரிந்துகொள்வது

வளர்ந்த நாயாக இருந்தால் கேட்டும் பார்த்தும்தான் முடிவெடுக்க வேண்டும். முதல் கேள்வி: இந்த நாய் இதற்கு முன் பூனையையோ கோழியையோ முயலையோ கொன்றதுண்டா? உண்டென்றால் பூனை வீட்டுக்கு அது வேண்டாம். பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நேரில் பார்க்கலாம். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளை வீடுகளுக்குத் தரும் மேல்நாட்டு அமைப்புகள் நெடுங்காலமாகச் செய்துவரும் வழி இது: நாய்க்கு வாய்க்கூடு போட்டு, கயிற்றைக் கையில் பிடித்து, தொலைவில் பூனையைக் காட்டுவது. பூனைக்கு எட்டும் உயரத்தில் ஏறிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு காட்டவே கூடாது. அது மிரண்டால் கிழிபடுவது நம் தோள்தான்.

கவனிக்க வேண்டியது நாயின் வாயும் கழுத்தும். பூனையைப் பார்த்துவிட்டுத் தரையை முகர்கிறதா, தலையைத் திருப்பிக்கொள்கிறதா, பேர் சொன்னால் நம்மைப் பார்க்கிறதா, கொடுத்த தின்பண்டத்தை வாங்கித் தின்கிறதா? நல்ல அறிகுறி. வாய் மூடி, காது நிமிர்ந்து, கண் கொட்டாமல், உடம்பு கம்பிபோல் இறுகி நிற்கிறதா? மெல்லிய முனகலோடு நடுங்குகிறதா? மூக்கருகே கோழித்துண்டை நீட்டினாலும் அதன் வாசனையே எட்டாததுபோல் நிற்கிறதா? மேலே படித்த சங்கிலியின் இரண்டாவது கண்ணி அது. குரைத்துக் குதிக்கும் நாயைவிட அமைதியாக உறைந்து நிற்கும் நாய்தான் அதிகம் அஞ்சத் தக்கது.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. சோதனையில் பூனை உட்கார்ந்தே இருந்தால் அது பாதிச் சோதனைதான். அசையாத பூனை, அந்தக் கண்ணுக்கு ஒரு தலையணைபோல. பூனை நடக்கும்போது, குதிக்கும்போது, ஓடும்போது நாய் என்ன செய்கிறது என்று பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். ஒரு நாளில் சொல்லவும் கூடாது. புது இடத்தில் மருண்டிருக்கும் நாய் சில நாட்கள் அடங்கியே இருக்கும். அதன் உண்மையான சுபாவம் இடம் பழகிய பிறகுதான் வெளியே வரும்.

பூனையின் பக்கம்

ஒத்துவரும் என்று தோன்றினால் வீட்டை அதற்கேற்ப ஒழுங்குசெய்ய வேண்டும். முதல் சில நாட்கள் இரண்டும் வெவ்வேறு அறையில். ஒன்று படுத்த துண்டை மற்றொன்றின் அறையில் போட்டால் வாசனை முதலில் அறிமுகமாகும். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. அடுத்து கம்பிவலைக் கதவு வழியாகப் பார்வை. அதன் பிறகு, நாய் கயிற்றில் இருக்க ஒரே கூடத்தில் சிறிது நேரம். இதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அவசரப்பட்டு ஒரு துரத்தலுக்கு இடம் கொடுத்தால் சேர்த்தது எல்லாம் போய்விடும். பல மாதங்கள் பழகிய பிறகும், ஆள் இல்லாத வீட்டில் இரண்டையும் ஒன்றாக விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அறைக்கு ஓர் உயரமான இடமாவது பூனைக்கு வேண்டும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தரையைத் தொடாமலே போக முடிந்தால் மிக நல்லது. அலமாரிக்கு மேல், பரணில், ஜன்னல் திட்டில் ஒரு சாக்கு விரித்தால் போதும், செலவில்லை. சாப்பாட்டுத் தட்டும் மணல் தொட்டியும் நாய் எட்டாத இடத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு வெளியே நாய் எப்போதும் கயிற்றில்தான். உள்ளே தோழியான பூனை, வாசலைத் தாண்டிப் புல்லில் ஓடினால் வெறும் ஓடும் பொருளாகிவிடும். தெருவில் அலையும் பூனைக்குட்டிகளும் உயிர்கள்தாம். அவற்றுக்கு நாம்தான் பொறுப்பு.

நாய் பூனையைத் தொடாமலே பூனைக்குத் தீங்கு நேரலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓயாத அச்சம் பூனையின் உடம்பை அரிக்கும். மன அழுத்தத்தோடு தொடர்புள்ள சிறுநீர்ப்பை அழற்சி பூனைகளில் நன்கு அறியப்பட்ட நோய். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. நாலைந்து நாள் சாப்பிடாமல் பதுங்கிக் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து பூனை நொடித்துப்போகும். கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வராத பூனை, மணல் தொட்டிக்குப் போகாமல் துணியில் சிறுநீர் கழிக்கும் பூனை, "பழகிக்கும்" என்று விட்டுவைக்கத் தக்கதல்ல. நாய் வருமுன்பே அந்த வீடு அதனுடையது. வேண்டாம் என்று சொல்லவும் அதற்கு வாயில்லை. அதன் சார்பில் நாம்தான் சொல்ல வேண்டும்.

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசும்போது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அதே ஆண்டில் தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனங்களாகப் பதிவு செய்தது. நம் மண்ணின் நாய்களுக்குக் கிடைத்த மதிப்பில் எனக்கும் பெருமை உண்டு. அந்தப் பெருமையால் நாம் அவற்றை விரும்புகிறோம் என்றால், அவை எதற்காகப் படைக்கப்பட்டனவோ அதை அறிந்து விரும்ப வேண்டும். ஒரு வேட்டை நாயைத் தவறான வீட்டில் சேர்த்தால், ஒரு நாள் அது செய்யப்போவதற்கு அதையே குற்றவாளியாக்குவோம். சங்கிலியில் கட்டுவோம், அல்லது தெருவில் விடுவோம். தவறு நாயுடையதல்ல.

ஒரு வாரம் கழித்து

வளர்த்தவர் செவலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கே கொண்டுவந்தார். வாய்க்கூடு, இரட்டைக் கயிறு, நடுவே கம்பிவலைக் கதவு. ஜிக்கி அலமாரி மேல் உட்கார்ந்து பார்த்தது. நாய் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. தம்பி முகத்தில் சிரிப்பு வந்தது. கால் மணி நேரம் இப்படியே போனது. அப்போது உள்ளறையிலிருந்து புஜ்ஜி பந்து ஒன்றைத் தட்டிக்கொண்டு கூடத்தின் குறுக்கே ஓடியது.

வாய் மூடியது. கழுத்து நீண்டது. தம்பி மகள் அதன் மூக்குக்கு நேராக வறுத்த கோழித்துண்டை நீட்டிக்கொண்டிருந்தாள். வாய்க்கூட்டின் இடுக்கு வழியாக வாங்கித் தின்று பழகியதுதான். துண்டு அவள் விரலில் அப்படியே இருந்தது. நாய் அவளையும் பார்க்கவில்லை, கோழியையும் பார்க்கவில்லை. புஜ்ஜி கட்டிலுக்கு அடியில் போய் மறைந்து, நாங்கள் நாயை வெளியே திருப்பிக் கொண்டுபோன பிறகும் அதன் பார்வை அந்தக் கட்டிலின் மேலேயே இருந்தது. வாசலில் நாலு எட்டு நடந்ததும் உடம்பு தளர்ந்தது. வந்து அவள் இடுப்பில் தலையை முட்டியது.

அவள் வெகு நேரம் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "பெரியப்பா, அதுக்குப் புஜ்ஜி மேல கோபம் எதுவும் இல்லைதானே?"

"இல்லம்மா. கொஞ்சம்கூட இல்ல."

"அப்போ அதை நாம மாத்தப் பார்க்க வேண்டாம். பூனை இல்லாத வீடாப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்க."

அந்த நாய் இப்போது திருமங்கலத்துக்கு அப்பால் வேலி போட்ட தோட்டம் ஒன்றில் இருக்கிறது. அங்கே பூனை இல்லை, கோழியும் இல்லை. மாலையில் அவிழ்த்துவிட்டால் தென்னை வரிசைகளுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது. தோட்டத்துக்காரர் அனுப்பிய வீடியோவில், நான்கு கால்களும் தரையில் படாமல் அது பறக்கும் நொடியில் தம்பி மகள் படத்தை நிறுத்திவைத்துக் காட்டினாள். மடியில் ஜிக்கி தூங்கிக்கொண்டிருந்தது.